நான் வந்ததும் ஊசி போட்டுக்கலாம்

கொரோனா ஓய்ந்து விமானங்கள் பழையபடி பறக்க ஆரம்பித்த பிறகு வந்த முதல் தை மாதம் அது. சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். நான் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தவன். மனைவி வயிற்றில் பிள்ளையோடு நிற்கும்போது விமானம் ஏறிப் போனேன். அந்தப் பிள்ளைக்கு இரண்டரை வயது ஆன பிறகுதான் ஊருக்கு வந்து அவளைக் கையில் தூக்கினேன். அதுவரை எனக்கும் அவளுக்கும் இருந்த உறவெல்லாம் செல்போனில்தான்.

கோயிலில் அவளைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்தார்கள். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்ததும் மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டுவார்கள். அதே நேரம் பார்த்துக் கோயிலுக்குப் பின்னால் அதிர்வேட்டு வெடித்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் அம்மாக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறின. மடியில் வைத்திருந்த என் மச்சானே ஒரு குலுங்கு குலுங்கினார். என் மகள் மட்டும் கையில் கொடுத்த வாழைப்பழத்தைத் தின்பதிலேயே குறியாக இருந்தாள். ஊசி இறங்கியபோதுதான் அழுதாள்.

"சிங்கப்பூர்க்காரன் மவளுக்குப் பயங்கறதே இல்ல பாரேன்" என்று உறவில் ஒருத்தர் சொன்னார். எனக்கு அது போதாதா? நான் கொஞ்சம் வாய்க்காரன். "வேட்டுச் சத்தத்துக்கு அசையுற வம்சமா நாங்க?" என்று ஆரம்பித்தவன், பந்தி முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை. மச்சான் குலுங்கியதை நடித்து வேறு காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இலையில் சாப்பாடு அப்படியே இருக்க, பிள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயில் வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் நின்று நான் போன் பேசிக்கொண்டிருந்தேன். மகள் ரோட்டோரத்தில் குத்தவைத்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டு வாக்கில் நடு ரோட்டுக்கே நகர்ந்து போயிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் அவளுக்குப் பின்னால் வந்தது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பேச்சை நிறுத்திவிட்டு நான் திரும்பிப் பார்க்கிறேன், அவள் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைத் தட்டி மேடு கட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் பிரேக்கில் ஏறி நின்று வண்டியை நிறுத்தினார். நான் ஓடிப் போய் வாரித் தூக்கினேன். அப்போதுதான் டிராக்டரைப் பார்த்து அவள் மிரண்டாள்.

டிரைவர் கீழே இறங்கி என்னைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். "அந்த மதகுகிட்டேருந்து அடிச்சிக்கிட்டே வர்றேன். புள்ள அசையல. நீங்க பாட்டுக்குப் போன் பேசிட்டு நிக்கிறீங்களே, உங்களை என்ன சொல்றது?" என்றார். கெட்டிமேளமும் வேட்டும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். கூடத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தில் கரண்டியால் அடித்தேன். அவள் தின்றுகொண்டே இருந்தாள். இன்னும் பலமாக அடித்தேன். பக்கத்து வீட்டில் இருந்து யாரோ என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள். அடுப்படி நிலையில் என் மனைவி வந்து நின்றாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? நீங்கதான் சிரிச்சீங்க" என்றாள்.

ஆமாம். சொன்னாள். நான் சிரித்தேன். "உங்க அம்மா வீட்டுப் பிடிவாதம் அப்படியே வந்திருக்கு" என்று கேலி பேசினேன். அதற்கு முன்னால் நடந்ததையும் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஆள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எதுவாக இருந்தாலும் 'அவர் வந்ததும்' என்று தள்ளிவைப்பார்கள். போர் போடுவது, கொட்டகை பிரித்து ஓடு மாற்றுவது, பாகம் பிரிப்பது, பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து எல்லாமே அவர் வந்ததும்தான். வீட்டில் இருப்பவர்கள் காட்டுகிற மரியாதை அது. அங்கே இருக்கிறவனுக்கும் அது தேவைப்படும். நாள் முழுக்க இன்னொருத்தன் சொல்கிறபடி கம்பி கட்டிவிட்டு வருகிறவனுக்கு, ஊரில் ஒரு வீடு தன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கிறது என்பதில் ஒரு கெத்து. எனக்கும் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நான் போன சில வாரங்களிலேயே கொரோனா வந்துவிட்டது. தங்கும் விடுதியை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது என்று அடைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவனை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அடைபட்டுக் கிடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை? போன்தான். ஒருத்தன் வீடியோ அனுப்புவான், அதை நான் இன்னொருத்தனுக்கு அனுப்புவேன். உண்மையா பொய்யா என்றெல்லாம் யார் பார்த்தது? வருவதெல்லாம் எங்கள் பயத்துக்குத் தோதாக இருந்தது, அதனால் நம்பினோம்.

மகள் பிறந்ததும் போட வேண்டிய ஊசிகளை அரசு ஆஸ்பத்திரியில் போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். அடுத்தடுத்து இருந்தவற்றையும் மனைவி போட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது மாதத்தில் தட்டம்மைக்குப் போடுகிற ஊசி வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. கொரோனா இரண்டாவது முறை ஊரைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்த சமயம். எங்கள் தெருவிலேயே சாவு விழுந்திருந்தது. அந்த நேரத்தில்தான் என் மனைவி போன் செய்து கேட்டாள்.

"பாப்பாவுக்கு ஊசி போட வரச் சொல்லியிருக்காங்க. புதன்கிழமை கூட்டிட்டுப் போகவா?"

"இருக்குற நெலமையில ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத. நான் வந்ததும் போட்டுக்கலாம்."

"இது அம்மை ஊசிங்க. கொரோனா ஊசி இல்ல."

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கலக்குறாங்களாம். இங்க வீடியோ வந்திருக்கு. சொன்னாக் கேளு."

ஊசி என்றாலே நடுங்குகிற ஆள் இல்லை நான். கம்பெனியில் போடச் சொன்னார்கள், இரண்டு கொரோனா ஊசியும் போட்டுக்கொண்டேன். இரண்டாவதுக்கு நல்ல காய்ச்சல். கட்டிலில் சுருண்டு கிடக்கும்போது, கல்லு மாதிரி இருக்கிற என்னையே இப்படிப் படுக்கப் போடுகிறதே, கையளவு பிள்ளை தாங்குமா என்றுதான் தோன்றியது. என் பிள்ளையை நான் தொட்டுப் பார்த்தது கூட இல்லை. போனில் பார்க்கிற பிள்ளை எப்போதும் இருக்கிறதைவிடச் சின்னதாகத் தெரியும். பயம் பொய்யில்லை. அதை இன்றைக்கும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கொரோனா குறைந்த பிறகும் நான் பிடித்த பிடியை விடவில்லை. அதற்கு பயம் காரணம் இல்லை. ஒருமுறை சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த ஊசிக்கும் நேரம் வந்து, விட்டுப்போனதையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று, என் அண்ணனும் அண்ணியும் வயலுக்குப் போயிருந்த நேரம், கிராமத்து நர்ஸம்மா வீட்டுக்கே வந்திருக்கிறார். மனைவி எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "நான் வந்ததும் நானே கூட்டிட்டு வர்றேன் சிஸ்டர், நீங்க கவலைப்படாதீங்க" என்று பெரிய மனுஷன் மாதிரிப் பேசினேன். எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க என்று அலுத்துக்கொண்டு அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் போன பிறகு என் மனைவி இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டாகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை, நான் போட்டுக்கொண்டு வந்து சொல்கிறேனே என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்குற? எல்லாத்தையும் நீயே பார்த்துக்க. நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் கூப்பிடவும் இல்லை. அவள் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இது ஒரு ஆயுதம். ஊரில் இருக்கிறவள் என்னவோ ஏதோ என்று தூக்கமில்லாமல் கிடப்பாள் என்பது தெரிந்துதான் செய்தேன். மறுபடி பேசியபோது அவள் ஊசியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்து வந்த கோடையில் மகளுக்கு அம்மை போட்டது. மணல்வாரி என்று எங்கள் பக்கம் சொல்வதைத்தான் தட்டம்மை என்கிறார்கள். என் மனைவி என் அண்ணன் வீட்டோடு இருந்தாள். அண்ணி வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை வேப்பிலையில் கிடத்தி, முறைப்படி எல்லாம் செய்தார்கள். ஆத்தா வந்திருக்கும்போது மருந்து கொடுக்கக் கூடாது, தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றும் வரை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது, ஒரு காதில் சீழ் வடிகிறது, டவுனுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று மனைவி எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"அம்மைக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? தண்ணி ஊத்தினா எல்லாம் சரியாப் போயிடும். அண்ணி சொல்றபடி கேளு" என்றேன்.

சரியாகத்தான் போனது. காய்ச்சல் இறங்கியது, தடிப்பு மறைந்தது, காதும் காய்ந்தது. மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார்கள். போனில் பார்த்தபோது பிள்ளை இளைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் போன் மணி அடித்தால் எங்கிருந்தாலும் ஓடி வந்து அம்மா கையில் இருந்து பிடுங்குவாள், அப்பா அப்பா என்று அவளே ஏதோ கதை சொல்லுவாள். அம்மைக்குப் பிறகு அந்த ஓட்டமும் இல்லை, கதையும் இல்லை. படத்தைக் காட்டினால் சிரிப்பாள். என் மேல் கோபமாக இருக்கிறாள், நேரில் வந்தால் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு பல மாதம் கழித்துத்தான் ஊருக்கு வந்தேன், கோயிலில் வாய்ச்சவடால் அடித்தேன்.

டிராக்டர் வந்த மறுநாளே தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். அண்ணன் ஒரு காரை அமர்த்திக்கொண்டு கூடவே வந்தார். வழி நெடுக அறுத்த வயல்கள், ரோட்டில் காயப் போட்ட நெல். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மனைவி பின் சீட்டில் பிள்ளையைத் தூங்க விடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டே வந்தாள். சோதனைக்குத் தூங்க வைக்க வேண்டியிருக்கும், அதனால் வழியில் தூங்க விடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் போனிலேயே சொல்லியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி ஏதேதோ பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். இரண்டு காதிலும் நரம்பு பாதித்திருக்கிறது என்றார். பிறவியில் இருந்தே இப்படியா என்று கேட்டார். இல்லை டாக்டர், போன் சத்தம் கேட்டால் ஓடி வருவாள், பாட்டுப் போட்டால் ஆடுவாள் என்றாள் என் மனைவி. அப்புறம் அம்மை வந்த கதையைச் சொன்னாள். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தட்டம்மையால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்றார். முதலில் காதில் மெஷின் வைத்துப் பார்ப்போம், போதவில்லை என்றால் ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் போனது அப்படியே திரும்பி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "தட்டம்மைக்கு ஊசி இருக்கே. ஏன் போடல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதுவதற்காகக் கேட்டார். எனக்குப் பக்கத்தில் அண்ணன் இருந்தார். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர் பயந்துகிட்டுப் போடாம விட்டுட்டேன். கொரோனா நேரம். இவங்களும் ஊர்ல இல்ல."

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எழுதினார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நான் மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் சொன்னதும் என் நெஞ்சில் ஒரு ஆறுதல் இறங்கியது பாருங்கள், அதைத்தான் என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. பிள்ளைக்குக் காது போய்விட்டது என்று கேட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நல்லவேளை என் பெயர் வரவில்லை என்று நினைத்தேனே, நான் என்ன மனுஷன்.

வெளியே மரத்தடியில் பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னே என்று அவளிடம் கேட்டேன். அண்ணன் கார் எடுக்கப் போயிருந்தார்.

"மாமா முன்னாடி உங்களைச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தாள். அப்போதாவது நான் காரில் ஏறியதும் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம், எல்லோரும் நொந்து போயிருக்கிறார்கள், சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கை வந்த கலையாயிற்றே.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அண்ணன் போனில் சொல்லிச் சேதி போய்விட்டது. அண்ணி அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். "ஒத்தைப் புள்ள. ஒரு ஊசியைப் போட்டுட்டு வர உனக்கு என்ன கேடு? என்கிட்ட சொல்லியிருந்தா நான் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா?" என்று கேட்டார்கள். மச்சான் வந்தார். அவள் கூடப் பிறந்தவர், பாசத்தில்தான் கத்தினார், ஆனால் தெருவே கேட்கக் கத்தினார். "வேலைக்குப் போனவர் உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனார்" என்றார். என்னிடம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க மச்சான்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

நான் மறுபடி சிங்கப்பூர் போகவில்லை. அண்ணனோடு சேர்ந்து விவசாயம் பார்க்கிறேன். மகளுக்கு இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறோம். பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் கூட்டிப்போகிறேன். மற்ற நாளில் என் மனைவி கண்ணாடிக்கு முன்னால் அவளை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்கு ஒரு காலைப்பொழுதைச் செலவழித்துச் சொல்லிக்கொடுக்கிறாள். மெஷினைக் கழற்றி எறிவாள், அழுவாள், அம்மாவையே அடிப்பாள். மறுபடி மாட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள் என் மனைவி. அவள் வயதுப் பிள்ளைகள் எதிர்த்து வாயாடிக்கொண்டு திரிகின்றன. என் மகளுக்குத் தண்ணி, சோறு, அம்மா, மாடு என்று கொஞ்சம்தான் வருகிறது. பழக்கம் இல்லாதவர்களுக்கு அதுவும் புரியாது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிகிறது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. நானும் அப்படிச் சிரித்தவன்தானே என்று அப்போதெல்லாம் தோன்றும்.

போன வருடம் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. வீடு கொள்ளாத உறவுக்கூட்டம். பந்தியில் நான் உட்கார்ந்திருந்தேன், என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். அண்ணி தன் மகளுக்குப் புத்தி சொல்கிற சாக்கில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்கள். "பொறந்ததும் ஊசியெல்லாம் தேதி தவறாமப் போட்டுடணும்டி. சித்தி மாதிரிப் பயந்துகிட்டு வீட்டுல உக்காந்துடாத. அப்புறம் காலத்துக்கும் அழணும்" என்றார்கள். அண்ணி கெட்டவர்கள் இல்லை. மனதில் இருப்பதைச் சொல்கிறவர்கள்.

என் மனைவி கையில் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். இலையில் கையை உதறிவிட்டு எழுந்து நின்றேன்.

"அவ பயப்படல அண்ணி. போடணும்னுதான் சொன்னா. நான்தான் போடக் கூடாதுன்னேன். அம்மை போட்டப்ப ஆஸ்பத்திரிக்குப் போகவும் நான்தான் விடல. டாக்டர்கிட்ட அவ பொய் சொன்னா, நான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்" என்றேன்.

இனிமேல் காறித் துப்பப் போகிறார்கள், துப்பட்டும் என்று நின்றேன். அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். "பார்த்தியாடி" என்றார்கள் மகளிடம். "புருஷன்னா இப்படி இருக்கணும். சபையில பொண்டாட்டியை விட்டுக்கொடுக்காம, பழியைத் தன் தலையில போட்டுக்குறார் பாரு."

பக்கத்து இலைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு பெரியவர், தம்பி உக்காந்து சாப்பிடுங்க, உங்க மனசு எங்களுக்குத் தெரியும் என்றார். இல்லை, நிஜமாகவே நான்தான் என்று இன்னொரு தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் எனக்கு மரியாதை ஏறியதே தவிர, ஒருத்தர் கூட நம்பவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே இருந்தவர்களில் இதற்கு சாட்சி ஒரே ஒரு ஆள்தான். அவள் ரசப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். "ஆமா, அவர் சொல்றது நிஜம்" என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவள் ஏன் சொல்ல வேண்டும்? அன்றைக்கு நான் சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்தபோது நான் சொன்னேனா?

சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளைக்கு அண்ணனிடமும் மச்சானிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்கிறேன், நம்புகிற வரைக்கும் சொல்கிறேன் என்றேன். அவள் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேணாங்க. எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா போதும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணனிடமும் மச்சானிடமும் பிறகு சொல்லத்தான் செய்தேன். அண்ணன், விடுடா, நடந்தது நடந்துபோச்சு என்றார். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் தங்கச்சி கொடுத்து வைத்தவள் என்றார். அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் எழுதுகிறேன். என் பிள்ளையின் காதை பயத்துக்கும் வீம்புக்கும் பறிகொடுத்தவன் நான். ஊரில் யாரைக் கேட்டாலும் என்னை நல்ல புருஷன் என்றும் அவளைப் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்றும்தான் சொல்வார்கள். அவளுக்கு வந்த பெயர் என்னுடையது, அதைத் திரும்பக் கொடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.